விண்டோஸ் கீ தொலைந்துவிட்டதா?

கேள்வி: 2017-ல் வாங்கிய லேப்டாப். விண்டோஸ் 10 அதிலேயே போட்டு வந்தது. ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போடப் போகிறேன். லைசென்ஸ் கீ எழுதிய சீட்டு எதுவும் என்னிடம் இல்லை. கடையில் புதிதாக வாங்கச் சொல்கிறார்கள். வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டாம், தயவுசெய்து பணத்தை வீணாக்காதீர்கள். விண்டோஸ் 7 காலத்தில்தான் 25 எழுத்து கொண்ட அந்தக் கீயை லேப்டாப்பின் அடியில் ஸ்டிக்கராக ஒட்டுவார்கள், இரண்டு வருடத்தில் தேய்ந்தும் போகும். 2012-ல் விண்டோஸ் 8 வந்த பிறகு, கம்பெனியே விண்டோஸ் போட்டு விற்கும் லேப்டாப்களில் கீயை மதர்போர்டில் இருக்கும் சிப்பிலேயே பதிந்துவிடுகிறார்கள். டிஸ்க்கை மாற்றினாலும் அது அங்கேயேதான் இருக்கும், முன்பு இருந்த அதே விண்டோஸ் பதிப்பைப் (ஹோம் என்றால் ஹோம்) போட்டால் இன்ஸ்டால் ஆகும்போது தானாகவே எடுத்துக்கொள்ளும். கீ கேட்டால் 'என்னிடம் கீ இல்லை' என்பதைத் தேர்ந்தெடுங்கள், அப்புறம் இன்டர்நெட் கிடைத்ததும் ஆக்டிவேட் ஆகிவிடும்.

ஒன்று மட்டும் செய்துவிடுங்கள். பழைய டிஸ்க்கைக் கழற்றும் முன் செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தைப் பார்த்து, உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு விண்டோஸை இணைத்து வையுங்கள்.

கீயைக் கண்ணால் பார்த்தே ஆக வேண்டுமென்றால் புரொடியூகீ என்ற இலவச மென்பொருள் காட்டும். ஆனால் விண்டோஸ் 7-லிருந்து இலவசமாக 10-க்கு மாறிய கணினிகளில் அது காட்டுவது எல்லோருக்கும் பொதுவான கீ, அதைக் குறித்து வைத்துப் பயனில்லை.

மதர்போர்டே போய்விட்டால் கதை வேறு, கீயும் அதோடு போய்விடும்.