லிதுவேனிய நாடாளுமன்ற உறுப்பினர்களில் உங்களை யோசிக்க வைத்தவர் யார்? அவருடைய அரசியலும் கருத்துகளும் எப்படிப்பட்டவை?

லிதுவேனியத் தலைநகர் வில்னியஸில் வேலை பார்த்த இரண்டு வருஷத்தில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்ட லிதுவேனிய வாக்கியங்கள் ஐந்தாறு தேறும். அதில் ஒன்று, "எல்லாத்துக்கும் லாண்ட்ஸ்பெர்கிஸ்தான் காரணம்." சொல்லிக்கொடுத்தவர் வீட்டுக்காரம்மா. குளிர்காலத்தில் வெப்பக் கட்டண ரசீது வந்தால் சொல்வார். பஸ் தாமதமானால் சொல்வார். மழைக்கும் சொல்வார். அந்த ஊரில் பாதிப் பேர் இதைக் கிண்டலாகவும் மீதிப் பேர் நிஜமாகவே நம்பியும் சொல்கிறார்கள் என்பது போகப்போகத்தான் புரிந்தது. ஒரு தேசமே இப்படித் திட்டுகிற மனிதர் யார் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். ஆகவே என் பதில் வீதவ்தாஸ் லாண்ட்ஸ்பெர்கிஸ்.

1932-இல் கௌனாஸ் நகரில் பிறந்தவர். 55 வயது வரை அரசியல் பக்கமே வராத இசையியல் பேராசிரியர். 35 வயதில் செத்துப்போன சுர்லியோனிஸ் என்கிற ஓவியர், இசையமைப்பாளர்தான் அவருடைய வாழ்நாள் ஆராய்ச்சி. அந்த மனிதர் விட்டுப்போன கையெழுத்துச் சுரக்குறிப்புகளைப் படித்து, பிழை நீக்கிப் பதிப்பிப்பது, மேடையில் பியானோவில் வாசிப்பது என்று காலம் ஓட்டியவர். அம்மா வழித் தாத்தா யோனாஸ் யப்லோன்ஸ்கிஸ், இன்றைய எழுத்து லிதுவேனிய மொழிக்கு இலக்கணம் வகுத்தவர். 1864 முதல் 1904 வரை ரஷ்யப் பேரரசு லத்தீன் எழுத்தில் லிதுவேனிய மொழியை அச்சிடவே தடை போட்டிருந்தது. புத்தகங்களை எல்லை தாண்டிக் கடத்தி வந்தார்கள். ஒரு எழுத்துக்காக ஜெயிலுக்குப் போகலாம் என்கிற காலத்தில் வாழ்ந்த குடும்பம்.

இதை எதற்கு இவ்வளவு சொல்கிறேன் என்றால், அவருடைய அரசியல் முழுக்க ஒரு பதிப்பாசிரியரின் அரசியல் என்றுதான் எனக்குப் படுகிறது. ஒரு சொல்லை மாற்றினால் பொருள் மாறிவிடும் என்று பிடிவாதம் பிடிக்கிற ஆள்.

லிதுவேனியா இன்னும் சோவியத் ஒன்றியத்துக்குள் இருந்த 1988 ஜூனில் சாயூதிஸ் என்ற மக்கள் இயக்கத்துக்கு 35 பேர் கொண்ட தொடக்கக் குழு அமைந்தது. அதில் இவரும் ஒருவர். அந்த வருஷக் கடைசியிலேயே இயக்கத்தின் தலைவர். 1990 பிப்ரவரித் தேர்தலில் இயக்கத்தின் ஆட்கள் அன்றைய நாடாளுமன்றமான உச்ச கவுன்சிலைப் பிடித்தார்கள். மார்ச் 11 அன்று கூடிய அவை, மாஸ்கோவிலிருந்து முறித்துக்கொண்டு வந்திருந்த கம்யூனிஸ்ட் தலைவர் பிரஸவ்ஸ்காஸை விட்டுவிட்டு, 91-க்கு 38 என்ற கணக்கில் இவரைத் தலைவராக்கியது. அன்று இரவே சுதந்திரத்தை அறிவிக்கிற சட்டம் நிறைவேறியது: ஆதரவு 124, எதிர்ப்பு பூஜ்யம், 6 பேர் வாக்களிக்கவில்லை.

சட்டத்தின் தலைப்பில் 'பிரிவு' கிடையாது, 'விடுதலை' கிடையாது. "சுதந்திர அரசை மீட்டமைத்தல்" என்றுதான் இருக்கிறது. வெறும் வார்த்தை ஜாலம் என்று நானும் முதலில் நினைத்தேன். அவர்கள் வாதம் இதுதான்: 1940-இல் சோவியத் எங்களை ஆக்கிரமித்தது, நாங்கள் சேரவே இல்லை, சேராத இடத்திலிருந்து பிரிவது எப்படி? இந்த ஒரு வாதத்தை அவர் கடைசிவரை விடவில்லை. மூன்றே வாரத்தில், ஏப்ரல் 3 அன்று, குடியரசுகள் பிரிந்துபோவதற்கென்றே மாஸ்கோ ஒரு சட்டம் கொண்டுவந்தது. பொது வாக்கெடுப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும், பிறகு ஐந்து வருஷம் வரை காத்திருக்க வேண்டும். 'பிரிகிறோம்' என்று எழுதியிருந்தால் அந்த வலையில் தலையைக் கொடுத்திருப்பார்கள்.

ஏப்ரல் 18-இல் பொருளாதார முற்றுகை தொடங்கியது. எண்ணெய் நின்றது. மேற்கு ஜெர்மனியின் கோலும் பிரான்சின் மித்தராங்கும் சேர்ந்து கடிதம் எழுதினார்கள், அந்தச் சட்டத்தின் விளைவுகளைக் கொஞ்ச காலத்துக்கு நிறுத்தி வைத்துப் பேசுங்களேன் என்று. பிரதமர் புருன்ஸ்கியெனே இறங்கிப்போகலாம் என்ற கட்சி. லாண்ட்ஸ்பெர்கிஸ் தயங்கினார், இழுத்தடித்தார். ஜூன் 29-இல் வந்த தீர்மானத்தைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வந்தது: 100 நாள் நிறுத்தி வைக்கிறோம், ஆனால் முறைப்படி பேச்சுவார்த்தை ஆரம்பிக்கிற நாளிலிருந்துதான் அந்த 100 நாள் கணக்கு. முற்றுகை விலகியது. பேச்சுவார்த்தை ஆரம்பிக்கவே இல்லை. வருஷக் கடைசியில் தீர்மானத்தையும் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். ஒரு நாள்கூட எதுவும் நின்றபாடில்லை!

1991 ஜனவரி வேறு கதை. விலையேற்றக் கலவரத்தில் 8-ஆம் தேதி புருன்ஸ்கியெனே பதவி விலகினார். 13-ஆம் தேதி அதிகாலை சோவியத் டாங்கிகள் வில்னியஸ் தொலைக்காட்சிக் கோபுரத்தைப் பிடித்தன. ஆயுதமில்லாமல் நின்றவர்களில் 14 பேர் செத்தார்கள். அன்று இரவு புதுப் பிரதமர் சிமேனாஸைக் காணவில்லை; எங்கே போனார் என்று தெரியாமல் அவை அந்த இரவோடு இரவாக வேறொருவரைப் பிரதமராக்கியது. சினிமாவில் வைத்தால் நம்ப மாட்டார்கள். லாண்ட்ஸ்பெர்கிஸ் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள்ளேயே இருந்தார். வெளியே கான்கிரீட் தடுப்புகள், அவற்றுக்கு முன்னால் பாடிக்கொண்டு ஆயிரக்கணக்கான ஜனங்கள். அந்தக் கான்கிரீட் துண்டுகளில் சில இன்றும் கட்டடத்தின் பக்கத்தில் பாதுகாக்கப்பட்டு நிற்கின்றன. ராணுவம் அங்கே வரவில்லை. அடுத்த மாதம் ஐஸ்லாந்து முதல் நாடாக அங்கீகரித்துக் கை கொடுத்தது. ஆகஸ்டில் மாஸ்கோவில் ஆட்சிக் கவிழ்ப்பு தோற்றது, செப்டம்பர் 17 அன்று லிதுவேனியா ஐ.நா. உறுப்பினர்.

இதோடு கதை முடிந்திருந்தால் ஊருக்கு ஊர் சிலை வைத்திருப்பார்கள். ஆனால் ஆட்சி நடத்த வேண்டி வந்ததே. சோவியத் காலத்துக் கூட்டுப்பண்ணைகளை அவசர அவசரமாகக் கலைத்து, நிலத்தைப் பழைய உடைமைக்காரர்களின் வாரிசுகளுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். 'மீட்டமைத்தல்' என்ற அதே தர்க்கம்தான், இந்தத் தடவை வயலில். நாற்பது வருஷம் அந்தப் பண்ணையில் உழைத்தவனுக்கு அது எப்படி இருந்திருக்கும்? ரூபிள் மதிப்பு கரைந்தது, சேமிப்பு போனது. வலுவான ஜனாதிபதி பதவி வேண்டும் என்று இவர் தரப்பு 1992 மே மாதம் நடத்திய பொது வாக்கெடுப்பும் தேறவில்லை. அக்டோபர் தேர்தலில் முன்னாள் கம்யூனிஸ்ட் பிரஸவ்ஸ்காஸின் கட்சி அள்ளிக்கொண்டு போனது. விடுதலை வாங்கி இரண்டே வருஷத்தில்.

மனிதர் வீட்டில் உட்காரவில்லை. 1993-இல் தாயக ஒன்றியம் என்ற வலதுசாரிக் கட்சியைத் தொடங்கினார். 1996-இல் ஜெயித்து நாடாளுமன்றமான சேய்மாஸின் சபாநாயகர் ஆனார். ஜனாதிபதித் தேர்தலில் நின்று மூன்றாம் இடம். 2004 முதல் 2014 வரை ஐரோப்பிய நாடாளுமன்றம். பேரன் கப்ரியேலியஸ் 2020-இல் வெளியுறவு அமைச்சர் ஆனார். வாரிசு அரசியல் என்று அங்கேயும் பேசுகிறார்கள்.

கருத்துகளில் அவர் அசைந்ததே கிடையாது. ரஷ்யா பேரரசுப் புத்தியை விடவில்லை, நேட்டோவுக்குள் போனால்தான் பிழைப்போம், சோவியத் ஆக்கிரமிப்புக்கு நஷ்டஈடு வேண்டும். 2005-இல் நாஜிச் சின்னத்தை ஐரோப்பா முழுக்கத் தடை செய்யலாம் என்ற பேச்சு வந்தபோது, அரிவாள் சுத்தியலையும் சேர்த்துத் தடை செய்யுங்கள் என்றவர்களில் இவரும் ஒருவர். ஐரோப்பா கேட்கவில்லை, லிதுவேனியா 2008-இல் இரண்டையும் தடை செய்தது. எரிச்சலூட்டும் கிழவர் என்று மேற்கு ஐரோப்பாவில் பலர் ஒதுக்கினார்கள். 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் படையோடு நுழைந்த பிறகு அந்த எரிச்சலைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டார்கள்.

ஆனால் நாஜிசமும் கம்யூனிசமும் 'இரண்டும் ஒன்றே' என்ற பேச்சில் எனக்கு ஒரு நெருடல் உண்டு. இரண்டு லட்சம் அளவுக்கு யூதர்கள் வாழ்ந்த நாடு, நாஜி ஆக்கிரமிப்பில் கிட்டத்தட்ட எல்லோரும் கொல்லப்பட்டார்கள், உள்ளூர்க் கைகளும் அதில் உண்டு. இவருடைய அப்பா, கட்டடக் கலைஞர், 1941-இன் தற்காலிக அரசில் அமைச்சர். அந்த அரசு யூதர்களுக்கு எதிராக விதிகள் போட்ட அரசு. அதே வீட்டில் அம்மா ஓனா ஒரு யூதச் சிறுமியை ஒளித்துவைத்துக் காப்பாற்றினார், அதற்காக இஸ்ரேலின் யாத் வாஷேம் அவரைக் கௌரவித்தது. ஒரே கூரைக்குக் கீழ் இரண்டும். இப்படி ஒரு வீட்டில் வளர்ந்தவர் எடைபோடுவதில் இன்னும் நிதானமாக இருந்திருக்கலாம்.

2022-இல் சேய்மாஸ் அவரை மீட்டமைக்கப்பட்ட அரசின் முதல் தலைவர் என்று சட்டப்படி அங்கீகரித்தது. அதிலும் பெரிய சண்டை. 1990-92 காலத்தில் அவர் நாட்டுத் தலைவரா, வெறும் அவைத் தலைவரா என்று முப்பது வருஷமாக நடந்த வார்த்தைச் சண்டை. அவருக்குப் பொருத்தமான சண்டைதான்.

ஒவ்வொரு ஜனவரி 13-ஆம் தேதியும் காலை எட்டு மணிக்கு வில்னியஸில் ஜன்னல்களில் மெழுகுவத்தி ஏற்றி வைப்பார்கள். என் முதல் குளிர்காலத்தில், வீட்டுக்காரம்மா ஏற்றிக்கொண்டிருந்தபோது விளையாட்டாகக் கேட்டேன், "இதுக்கும் லாண்ட்ஸ்பெர்கிஸ்தான் காரணமா?" அவர் சிரிக்கவில்லை. "அன்னைக்கு ராத்திரி நான் அங்கதான் நின்னேன்ப்பா. எங்க ஊர்லேர்ந்து முப்பது பேர், பண்ணை லாரியில போனோம்" என்றார். தீக்குச்சியை ஊதி அணைத்துவிட்டு, "மறு வருஷம் பண்ணையைக் கலைச்சப்போ அந்த லாரியையும் வித்துட்டாங்க" என்றார்.