எம்எஸ் இருக்கறவங்க தூக்க மாத்திரை போடலாமா? பழகிடுமா?

கேள்வி கேட்ட தம்பி அரூர் பக்கம்னு போட்டிருக்கார். வீட்டம்மாவுக்கு போன வருசம் மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ்னு (எம்எஸ், மூளை தண்டுவட நரம்ப பாதிக்கற வியாதி) சொல்லிட்டாங்க, தசை இறுக்கத்த தளர்த்தற பேக்லோஃபென் மாத்திரை ஓடிட்டு இருக்குது, ராத்திரி ரெண்டு மணி மூணு மணிக்கு முழிச்சு விடிய விடிய உக்காந்திருக்காங்க, டாக்டர் சோல்பிடெம்ங்கற தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கார், ஆனா அம்மா "தூக்க மாத்திரை பழகிட்டா அப்புறம் அது இல்லாம கண்ணே மூடாது"ன்னு தடுக்கறாங்க, என்ன பண்றதுன்னு கேக்கறார்.

போடலாம் தம்பி. எம்எஸ் இருக்குதுங்கற ஒரே காரணத்துக்காக தூக்க மாத்திரை கூடாதுன்னு எதுவும் கிடையாது. எனக்கும் எம்எஸ் தான், காவேரிப்பட்டணம் பக்கம், பல வருசமா இதோட தான் ஓடுது, அதுல தூக்கம் கெட்ட காலம் தான் எனக்கு நடக்க முடியாத காலத்த விட கஷ்டமா இருந்துச்சு. அதனால சொல்றேன், உங்க கேள்வியில ஒரு விசயம் விட்டுப் போச்சு. அவங்க ரெண்டு மணிக்கு எதனால முழிக்கறாங்க? அது தெரியாம மாத்திரை நல்லதா கெட்டதான்னு பேசி புண்ணியம் இல்ல.

ஏன்னா எம்எஸ்ல தூக்கம் கெடறது ஒரே மாதிரி கெடாது. எனக்கு கால் இழுப்பு. நல்லா தூங்கிட்டு இருக்கும்போதே வலது கால் தானா விறைச்சு நேரா நீட்டிக்கும், போர்வை ஒரு பக்கமா போயிடும், பாதம் கீழ பார்த்து வளைஞ்சு கெண்டைக்கால் கல்லாட்டம் இருக்கும். நீட்டின கால அமுக்கினா இன்னும் இறுகும், எங்க வீட்டுக்காரர் முட்டிக்கு கீழ கைய குடுத்து மெதுவா மடக்கி நெஞ்சு பக்கமா கொண்டு வருவார், அப்பத்தான் விடும். இதுக்கு தூக்க மாத்திரை போட்டு என்ன பண்றது, கால் இழுக்கறத அது நிறுத்தாது, நான் மயக்கத்துல வலியோட கிடப்பேன் அவ்வளவு தான். எனக்கு டாக்டர் பண்ணது பேக்லோஃபென் பிரிச்சு சாப்பிடற நேரத்த மாத்தி படுக்கப் போறப்ப ஒரு வேளை வர்ற மாதிரி வெச்சாங்க, பாதி தூக்கம் அதுலயே திரும்பி வந்துச்சு. உங்க வீட்லயும் பேக்லோஃபென் ஓடுதுல்ல, கடைசி வேளை எத்தன மணிக்குன்னு பாருங்க. சாயங்காலம் ஆறு மணிக்கே முடிச்சிட்டாங்கன்னா ராத்திரி ரெண்டு மணிக்கு அதோட வேலை முடிஞ்சிருக்கும். நேரத்த நீங்களா மாத்தாதீங்க, டாக்டர்கிட்ட சொல்லி மாத்துங்க, அதே மாதிரி பேக்லோஃபென திடீர்னு நிறுத்தவே கூடாது, வலிப்பு வரைக்கும் போகும்.

இன்னொண்ணு படுத்தா மட்டும் வர்ற கால் குடைச்சல். எந்திரிச்சு நாலு அடி நடந்தா போயிடும், படுத்தா திரும்ப வரும், அதுக்கு ரெஸ்ட்லெஸ் லெக்ஸ்னு பேரு, எம்எஸ் இருக்கறவங்களுக்கு மத்தவங்கள விட அதிகமாவே வருது. இழுப்பும் இதுவும் ஒண்ணு கிடையாது, இதுல கால் விறைக்காது, ஆட்டாம இருக்க முடியாது. இது இருந்தா ரத்தத்துல ஃபெரிட்டின் (உடம்பு சேத்து வெச்சிருக்கற இரும்புச்சத்தோட அளவு) பாருங்க, ஹீமோகுளோபின் சரியா இருந்தாலும் ஃபெரிட்டின் கம்மியா இருக்கலாம், நம்ம பக்கம் பொம்பளைங்களுக்கு ரத்தசோகை எந்த அளவுக்கு இருக்குதுன்னு உங்களுக்கே தெரியும். அது 75க்கு கீழ இருந்தா இரும்புச்சத்து குடுத்துப் பார்ப்பாங்க. இதுல கவனிக்க வேண்டியது, சளிக்கு அரிப்புக்குன்னு கடையில குடுக்கற தூக்கம் வர்ற பழைய ரக அலர்ஜி மாத்திரை இந்தக் குடைச்சல ஏத்தி விட்டுடும். தூக்கம் வருதேன்னு அத போட்டுக்கறவங்க நம்ம ஊர்ல நிறைய பேர்.

அப்புறம் ஒண்ணுக்கு. இத பொம்பளைங்க வாய் விட்டு சொல்ல மாட்டாங்க, நீங்க தான் கேக்கணும். எம்எஸ்ல மூத்திரப்பை அடங்காது, ராத்திரி ரெண்டு மூணு தடவ எழுப்பும், சில பேருக்கு முழுசா காலியாகாம தங்கிப் போய் இன்ஃபெக்சன் ஆகும், இன்ஃபெக்சன் வந்தா காலும் இன்னும் ஓயும். ராத்திரி தண்ணிய குறைக்கறேன்னு பகல்லயும் குடிக்காம இருந்துடக் கூடாது, பகல்ல நல்லா குடிச்சிட்டு சாயங்காலத்துக்கு மேல குறைக்கணும், ஏழு மணி டீய விடணும். ஸ்கேன்ல ஒண்ணுக்கு போனப்புறம் எவ்வளவு தங்குதுன்னு பார்ப்பாங்க, அத பார்த்துட்டு அதுக்கு தனி மாத்திரை இருக்குது. இந்த விசயம் இன்னொரு காரணத்துக்காகவும் முக்கியம், சில டாக்டருங்க நரம்பு வலிக்கும் தூக்கத்துக்கும் சேர்த்து அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் குடுப்பாங்க, நல்ல மருந்து தான், ஆனா அது மூத்திரத்த தேக்கி வெக்கும், மலச்சிக்கல் பண்ணும், கால் குடைச்சல் இருந்தா அதையும் கூட்டும்.

எம்எஸ் திடீர்னு கூடறப்ப ஸ்டீராய்டு ஏத்துவாங்க, அந்த வாரத்துல தூக்கம் வராது, அது எல்லாருக்கும் தெரிஞ்சது தான், காலையிலயே ஏத்தச் சொல்லுங்க. வெயில் காலம் வேற. நம்ம தருமபுரி கிருஷ்ணகிரி வெயில்ல ஏப்ரல் மே மாசம் ராத்திரியும் வீடு தணியாது, உடம்பு சூடேறினா எம்எஸ்ல கையும் காலும் தற்காலிகமா ஓஞ்சு போகும், கரண்ட்டும் போயிட்டா கேக்கவே வேணாம். படுக்கறதுக்கு முன்னாடி தண்ணி ஊத்திக் குளிச்சிட்டு ஈரத்துண்டு கழுத்துல போட்டா வித்தியாசம் தெரியும்.

இப்ப சோல்பிடெம்முக்கு வர்றேன். அது தூங்க வெக்கற மருந்து, தூக்கத்த விடிய வரைக்கும் பிடிச்சு வெக்கற மருந்து இல்ல. ரெண்டரை மணி நேரத்துல ரத்தத்துல பாதியாயிடும். படுத்ததும் தூக்கம் வராதவங்களுக்கு நல்லா கேக்கும். உங்க வீட்டம்மாவுக்கு தூக்கம் வருது, நடுவுல கலையுது, அப்படின்னா இந்த மாத்திரை அந்த இடத்துக்கு சரியான்னு டாக்டர்கிட்ட கேட்டே ஆகணும். முழிச்சப்புறம் ரெண்டு மணிக்கு எடுத்து போட்டுக்கவும் கூடாது, போட்டா ஏழெட்டு மணி நேரம் படுக்கையில இருக்கற மாதிரி இருக்கணும். அட்டையில 5ஆ 10ஆன்னு பாருங்க. பொம்பளைங்க உடம்புல அது மெதுவா தான் வெளியேறுதுன்னு 2013ல அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டுத் துறை பொம்பளைங்களுக்கு 5 மில்லிகிராம் தான் ஆரம்ப அளவுன்னு குறைச்சாங்க. 10னு எழுதியிருந்தா போன் பண்ணியாவது கேளுங்க. 2019ல இன்னொரு எச்சரிக்கையும் போட்டாங்க, தூக்கத்துலயே எந்திரிச்சு நடக்கறது, சமைக்கறது, வண்டி எடுக்கறது, காலையில எதுவும் ஞாபகம் இருக்காது. அப்படி ஒரு தடவ நடந்தாலும் அதோட நிறுத்தச் சொல்லிடுவாங்க.

ஆனா எம்எஸ் இருக்கறவங்களுக்கு இருக்கற பெரிய ஆபத்து அது இல்ல, விழுறது. இத எல்லாரும் புரிஞ்சுக்கணும்னு எனக்கு ஆசை. நம்ம கால் விறைப்பு இருக்குதே, பலம் போன காலுக்கு அந்த விறைப்பு தான் முட்டு குடுத்து நிக்க வெக்குது. பேக்லோஃபென் அத தளர்த்துது, அது மேல தூக்க மாத்திரையும் சேர்ந்தா மயக்கம் ரெண்டு பங்கு, கால் துணி மாதிரி மடங்கும். அந்த நேரம் பார்த்து ஒண்ணுக்கு வரும். நம்ம ஊர்ல நிறைய வீட்ல கக்கூஸ் வெளிய வாசல் தாண்டி தான் இருக்குது, ரெண்டு படி இறங்கணும், இருட்டு, ஈரம். மாத்திரை ஆரம்பிக்கற அன்னிக்கே கட்டில் பக்கத்துல கமோடு சேர், இல்லன்னா மூடி போட்ட பாத்திரமாவது வெச்சிடுங்க, ஒரு சின்ன லைட் விடிய விடிய எரியட்டும், உங்கள எழுப்பாம எந்திரிக்க வேணாம்னு சொல்லி வெய்ங்க. கூச்சப்படுவாங்க. இடுப்பு உடைஞ்சா எம்எஸ்ல திரும்ப எந்திரிக்கறது ரொம்ப கஷ்டம்னு எடுத்துச் சொல்லுங்க, கேப்பாங்க.

கொறட்டை சத்தமா விட்டு நடுவுல மூச்சு நின்னு நின்னு வந்தா அதையும் கண்டிப்பா சொல்லுங்க, அப்படி இருக்கறவங்களுக்கு தூக்கத்துக்கு குடுக்கற குளோனசிபாம் வகை மாத்திரையெல்லாம் மூச்ச இன்னும் அமுக்கும். குளோனசிபாம் வேற மறுநாளும் உடம்புலயே நிக்கும், பகல்ல வர்ற அசதி வியாதியோட அசதியா மாத்திரையோட அசதியான்னே தெரியாம போயிடும்.

அம்மா பயப்படறது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். சோல்பிடெம், அல்பிரசோலம், குளோனசிபாம் எல்லாம் மாசக்கணக்குல தினமும் போட்டா உடம்பு பழகும், சட்டுனு நிறுத்தினா தூக்கம் முன்ன விட மோசமாகும், படபடப்பு வரும். அதனால தான் சில வாரத்துக்கு மட்டும் குடுத்துட்டு கொஞ்சம் கொஞ்சமா குறைப்பாங்க. மெலடோனின் அந்த மாதிரி பழகாது, லேசான மருந்து, சில பேருக்கு கேக்கும் சில பேருக்கு கேக்காது. சோல்பிடெம் 2014 மார்ச்சுலருந்து எச்1 பட்டியல்ல இருக்குது, மெடிக்கல்ல சீட்டு இல்லாம குடுக்கக் கூடாது, பேர் எழுதி மூணு வருசம் வெச்சிருக்கணும். சின்ன ஊர்ல அது ஒரு சங்கடம், "அந்த வீட்டு பொண்ணு தூக்க மாத்திரை வாங்குது"ன்னு பேச்சு வரும். பேசிட்டு போறாங்க தம்பி, சர்க்கரைக்கு மாத்திரை வாங்கற மாதிரி தான் இதுவும், சீட்டோட நீங்களே போய் வாங்குங்க.

ஒண்ணு மட்டும் கவனமா இருங்க. எம்எஸ் வந்த புதுசுல மனசு ரொம்ப உடைஞ்சிருக்கும், விடிகாலையில முழிச்சு அழறது மனச்சோர்வா கூட இருக்கலாம், அதுக்கு வைத்தியமே வேற. அட்டைய நீங்க வெச்சிருங்க, அன்னன்னைக்கு ஒண்ணு எடுத்துக் குடுங்க. வாழ வேணாம்ங்கற மாதிரி ஒரு வார்த்த வந்தாலும் 14416க்கு போன் பண்ணுங்க, டெலி மானஸ், தமிழ்லயே பேசுவாங்க, காசு கிடையாது.

மாத்திரை இல்லாம தூக்கத்த சரி பண்ற பயிற்சிக்கு சிபிடின்னு பேரு, நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல்ல அத தான் பண்ணணும்னு 2016லயே அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ்ங்கற டாக்டருங்க அமைப்பு சொல்லிடுச்சு. தினமும் ஒரே நேரத்துக்கு எந்திரிக்கறது, தூக்கம் வரலன்னா கட்டில்ல புரளாம எந்திரிச்சு உக்காந்திருக்கறது, இப்படி. பகல்ல தூங்கக் கூடாதுன்னும் அதுல சொல்லுவாங்க, அது நமக்கு அப்படியே ஒத்து வராது, எம்எஸ் அசதிக்கு மதியம் ஓய்வு வேணும். நான் மூணு மணிக்குள்ள சேர்ல சாஞ்சு அரை மணி நேரம், அதோட எந்திரிச்சிடுவேன்.

அடுத்த தடவ டாக்டர்கிட்ட போறதுக்குள்ள ஒரு நோட்டுல எழுதுங்க, எத்தன மணிக்கு முழிச்சாங்க, முழிச்சதும் முதல்ல என்ன தெரிஞ்சுது, காலா, ஒண்ணுக்கா, வலியா, புழுக்கமா, யோசனையா. ஒரு வாரம் எழுதினாலே ஒரு கணக்கு தெரிஞ்சிடும். நியூராலஜிஸ்ட பார்க்க பெங்களூரோ சேலமோ போறீங்கன்னா அங்க கிடைக்கற நேரமே கம்மி, அந்த நோட்ட நேரா கையில குடுங்க. வீட்ல இருக்கற எல்லா மாத்திரை அட்டையையும், நாட்டு மருந்து இருந்தா அதையும், ஒரே பையில போட்டு எடுத்துட்டு போங்க. குழந்தைக்கு பார்த்துட்டு இருந்தீங்கன்னா அத மொதல்ல சொல்லிடுங்க. இந்த சோல்பிடெம் எத்தன வாரத்துக்கு, எப்படி குறைச்சு நிறுத்தறதுன்னு சீட்டுலயே எழுதி வாங்கிடுங்க, அம்மாகிட்ட அத காட்டலாம். ஃபெரிட்டின் ரிப்போர்ட் வந்தா இங்கயே போடுங்க தம்பி, நான் பார்க்கறேன்.