ஆங்கிலச் சொல்வளம்: அகராதி விளக்கமும் எடுத்துக்காட்டு வாக்கியமும் – கேள்வி பதில்

கேள்வி: மேடம், ஆங்கிலச் சொல்லுக்குப் பக்கத்தில் தமிழ் அர்த்தம் எழுதி மனப்பாடம் செய்கிறேன். பேசும்போது ஒன்றுமே வாயில் வருவதில்லை. ஏன்?

மனப்பாடம் செய்வதில் தவறில்லை. அந்தப் பட்டியலில் சொல்லின் பாதிதான் இருக்கிறது, அதுதான் சிக்கல். தமிழில் மழையையும் 'எதிர்பார்க்கிறோம்', விடுமுறையையும் 'எதிர்பார்க்கிறோம்'. ஆங்கிலத்தில் மழைக்கு 'எக்ஸ்பெக்ட்', அதாவது ஒன்று நடக்கும் என்று நினைப்பது. விடுமுறைக்கு 'லுக் ஃபார்வர்ட் டு', அதாவது வரப்போவதை நினைத்து இப்போதே மகிழ்வது. நோட்டில் இரண்டுக்கும் 'எதிர்பார்' என்று எழுதி வைத்தால் இந்த வேறுபாடு காணாமல் போய்விடும். அகராதி விளக்கத்தைப் படித்தால் பிடிபடும்.

அப்புறம் எடுத்துக்காட்டு: "ஐ லுக் ஃபார்வர்ட் டு மீட்டிங் யூ." இங்கே 'டு மீட்' என்று தவறாக எழுதுகிறவர்கள் நிறையப் பேர். இந்த ஒரு வாக்கியத்தை அப்படியே மனதில் வைத்துக்கொண்டால் இலக்கண விதியைத் தனியாகப் படிக்க வேண்டியதில்லை.

வாயில் வராததற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழைச் சொல்லித்தான் பழகியிருக்கிறீர்கள். பேசும்போது தேவைப்படுவது அதற்கு நேர் எதிர்த் திசை. ஆங்கிலப் பக்கத்தை மூடிவிட்டு, ஒரு சூழ்நிலையை நினைத்து, அதற்கான முழு வாக்கியத்தையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: ஆங்கிலம்–ஆங்கிலம் அகராதியில் விளக்கத்துக்குள்ளேயே தெரியாத சொற்கள் வருகின்றன. ஒன்றைத் தேடப் போய் நாலைத் தேட வேண்டியிருக்கிறது.

நீங்கள் வைத்திருப்பது ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கான அகராதியாக இருக்கலாம். மொழி கற்பவர்களுக்கென்றே தனி அகராதிகள் இருக்கின்றன. மைக்கேல் வெஸ்ட் 1935-லேயே 1,490 சொற்களை மட்டும் வைத்து மற்ற எல்லாவற்றையும் விளக்கும் அகராதி ஒன்றைக் கொண்டுவந்தார். 1978-இல் வெளிவந்த லாங்மேன் அகராதி சுமார் 2,000 எளிய சொற்களுக்குள் தன் விளக்கங்களை அடக்கியது. ஜான் சின்க்ளேர் தலைமையில் 1987-இல் வந்த கோபில்ட் அகராதி இன்னும் ஒரு படி மேலே போய், விளக்கத்தையே முழு வாக்கியமாக எழுதியது. 'இஃப் யூ ஆர் ரிலக்டன்ட் டு டூ சம்திங்...' என்ற போக்கில் விளக்கம் தொடங்கும்போதே, 'ரிலக்டன்ட்' (செய்யத் தயங்குகிற) என்றால் அடுத்து 'டு'வும் வினையும் வரும் என்பது தெரிந்துவிடுகிறது. தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இந்த வகை அகராதியைத்தான். இவற்றில் சிலவற்றை இணையத்திலேயே பார்க்கலாம்.

கேள்வி: அப்படியென்றால் தமிழ் அர்த்தமே பார்க்கக் கூடாதா அக்கா?

தாராளமாகப் பாருங்கள். பறவை, மரம், நோய், கருவி ஆகியவற்றின் பெயர்களுக்குத் தமிழ்தான் சீக்கிரம் புரியும். குணம், உணர்வு, செயல் பற்றிய சொற்களுக்கு மட்டும் தமிழோடு நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: தேர்வுக்காகத் தினமும் 50 சொல் படிக்கலாம் என்று இருக்கிறேன். சரியா?

எத்தனை சொல்லுக்கு உங்களால் சொந்தமாக வாக்கியம் எழுத முடியுமோ, அத்தனை போதும். பெரும்பாலானவர்களுக்கு அது 50 ஆக இருக்காது. எந்தச் சொல் என்பதும் முக்கியம். அதிகம் புழங்கும் முதல் 2,000 சொற்குடும்பங்களே (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறக்கும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) பொதுவான எழுத்தில் ஏறக்குறைய 80 சதவீதத்தை அடைத்துக்கொள்கின்றன. அவை கைவசம் இல்லாமல் அரிய சொற்களுக்குத் தாவுவதில் பயனில்லை. அடுத்து, உயர்கல்வி படிப்பவர்களுக்கு ஆவரில் காக்ஸ்ஹெட் 2000-இல் வெளியிட்ட கல்விசார் சொற்பட்டியல் இருக்கிறது. அதில் உள்ளவை 570 சொற்குடும்பங்கள்தான்.

கேள்வி: எடுத்துக்காட்டு வாக்கியத்தில் எதைக் கவனிக்க வேண்டும்? நான் படித்துவிட்டுக் கடந்துவிடுகிறேன்.

நல்ல கேள்வி. முதலில் அந்தச் சொல்லுக்கு முன்னும் பின்னும் என்ன வருகிறது என்று பாருங்கள். 'டிஸ்கஸ்' இருக்கும் வாக்கியங்களை நாலைந்து படியுங்கள். "வி டிஸ்கஸ்ட் தி பிராப்ளம்" என்று இருக்கும், நடுவில் 'அபவுட்' இருக்காது. தமிழில் 'பற்றி' விவாதிப்பதால் நம் கை தானாக 'அபவுட்' போட்டுவிடுகிறது.

அடுத்தது, அந்தச் சொல்லின் கூட்டாளிகள். 'காஸ்' என்பதற்கு 'ஏற்படுத்து' என்று படித்திருப்பீர்கள். எடுத்துக்காட்டுகளைப் பாருங்கள்: டேமேஜ், டிலே, பிராப்ளம், பெயின். பெரும்பாலும் வேண்டாத விஷயங்களோடுதான் வருகிறது. "யுவர் ஹெல்ப் காஸ்ட் மை சக்சஸ்" என்பதில் இலக்கணப் பிழை இல்லை, ஆனாலும் கேட்பவருக்கு நெருடும். சுருக்கமான விளக்கத்தில் இது பல நேரம் தெரியாது, வாக்கியங்களில்தான் தெரியும். 'ஸ்லிம்', 'ஸ்கின்னி' இரண்டும் மெலிந்த உடலைத்தான் சொல்கின்றன. முதலாவது பாராட்டு, இரண்டாவது பல இடங்களில் மனதைப் புண்படுத்தும்.

கூடவே, சொல்லுக்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் குறிப்பையும் விடாதீர்கள். 'அட்வைஸ்' எண்ண முடியாத பெயர்ச்சொல் என்று அங்கே போட்டிருக்கும். அதைப் பார்த்தவர் 'அட்வைசஸ்' என்று எழுதமாட்டார்.

கேள்வி: சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதினேன் மேடம்: "ஹி இஸ் எ மெட்டிகுலஸ் மேன்." சரியாக இருக்கிறதா?

இலக்கணம் சரி தம்பி. ஆனால் 'மெட்டிகுலஸ்' இருக்கும் இடத்தில் 'டால்' போட்டாலும் 'லேஸி' போட்டாலும் வாக்கியம் நிற்கிறது, பாருங்கள். அப்படியானால் அந்தச் சொல்லின் அர்த்தம் வாக்கியத்துக்குள் இன்னும் வரவில்லை. சின்னச் சின்ன விவரத்தையும் விடாமல் மிகக் கவனமாகச் செய்பவரைச் சொல்லும் சொல் அது. இப்படி எழுதிப் பாருங்கள்: "ஷி இஸ் மெட்டிகுலஸ் அபவுட் ஹெர் ரிப்போர்ட்ஸ், ஷி செக்ஸ் எவ்ரி ஃபிகர் ட்வைஸ்." சொல் தெரியாதவர்கூட இதைப் படித்துவிட்டு அர்த்தத்தை ஊகித்துவிடலாம். 'அபவுட்' சேரும் என்பதும் பதிந்துவிடுகிறது. உங்களுக்குத் தெரிந்த ஒருவரை மனதில் வைத்து எழுதினால் இன்னும் நல்லது.

கேள்வி: ஒரு வாரத்தில் எல்லாம் மறந்துபோகிறது.

எல்லோருக்கும் அப்படித்தான். நினைவு எவ்வளவு வேகமாகக் கரைகிறது என்பதை ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-லேயே அளந்து காட்டினார். இடைவெளியைக் கூட்டிக்கொண்டே திரும்பப் பார்ப்பதுதான் வழி: மறுநாள், சில நாள் கழித்து, பிறகு ஒரு வாரம், ஒரு மாதம். 'அங்கி' (Anki) போன்ற நினைவு அட்டைச் செயலிகள் இந்தக் கணக்கைத் தாமே பார்த்துக்கொள்ளும். அட்டையில் தனிச்சொல்லை எழுதாமல், அந்தச் சொல்லின் இடத்தைக் காலியாக விட்ட வாக்கியத்தை எழுதுங்கள்.

கேள்வி: கதை படிக்கும்போது தெரியாத ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று அகராதி பார்க்க வேண்டுமா?

வேண்டாம். கதையின் சுவையே போய்விடும். திரும்பத் திரும்ப வரும் சொல்லையும், அது இல்லாமல் கதை நகராத சொல்லையும் மட்டும் பாருங்கள். மற்றவற்றை ஊகித்துக்கொண்டே போகலாம். பால் நேஷன் உள்ளிட்ட ஆய்வாளர்களின் கணிப்பில், உதவியில்லாமல் நன்றாகப் புரிய ஒரு பக்கத்தில் சுமார் 98 சதவீதச் சொற்கள் தெரிந்திருக்க வேண்டும். அதாவது 100 சொல்லுக்கு இரண்டு தெரியாமல் இருக்கலாம். பத்துப் பன்னிரண்டு தெரியவில்லை என்றால் தயங்காமல் அந்தப் புத்தகத்தை எடுத்து வைத்துவிட்டு, கற்பவர்களுக்காக எளிமையாக்கிய கதைகளை எடுங்கள். படி வாரியாகக் கிடைக்கின்றன, பெரியவர்களும் ரசித்துப் படிக்கலாம். குறித்து வைத்த சொற்களை அத்தியாயம் முடிந்த பிறகு தேடுங்கள். கதையில் அது வந்த வாக்கியத்தையும் நோட்டில் சேர்த்தே எழுதிக்கொள்ளுங்கள்.