ஒலுவில் மணலும் ஒரு பட்டப்படிப்பும்

மதிப்புக்குரிய ஐயா,

நான் பாண்டிருப்பைச் சேர்ந்தவள். கணிதப் பிரிவில் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கிறேன். வெளிநாட்டில் இருக்கும் மாமா சமுத்திரப் பொறியியல் படிக்கச் சொல்கிறார். இயந்திரப் படகு வைத்துத் தொழில் செய்யும் அப்பாவோ, “கடலைப் பற்றிப் பல்கலைக்கழகத்தில் படிக்க என்ன இருக்கிறது?” என்று சிரிக்கிறார். அந்தப் படிப்புக்கு வேலை உண்டா? நீச்சல் தெரியாதவர்கள் படிக்கலாமா?

ச., பாண்டிருப்பு

அன்புள்ள மகளுக்கு,

அப்பாவின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். வாடைக்காற்றில் நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும், கச்சான் வீசும் நாட்களில் எப்போது கரை திரும்பவேண்டும் என்பவற்றை அவர் எந்தப் பொறியியலாளரையும்விட நன்றாக அறிவார். ஆனால் நூறு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரக்கூடிய அலை எவ்வளவு உயரமாக இருக்கும், அது கடலில் நாட்டிய தூணொன்றை எவ்வளவு விசையுடன் தாக்கும் என்பவை ஒருவருடைய ஆயுட்கால அனுபவத்துக்குள் அடங்குவன அல்ல, கணக்கிட்டே அறியவேண்டியவை. அந்தக் கணக்குத்தான் சமுத்திரப் பொறியியல்.

அதற்கான பாடம் உங்கள் ஊருக்குத் தெற்கே, ஒலுவிலில் கிடக்கிறது. ஆண்டின் பெரும்பகுதியில் தென்கிழக்கிலிருந்து சாய்வாக வரும் அலைகள் நம் கரையோர மணலை வடக்கு நோக்கி நகர்த்துகின்றன. வாடைக்காலத்தில் சில மாதங்கள் திசை மாறினாலும், ஆண்டுக் கணக்கில் மிஞ்சுவது வடக்கு நோக்கிய நகர்வுதான். 2013இல் திறக்கப்பட்ட துறைமுகத்தின் அலைத்தடுப்பு அணைகள் இந்த மணலின் வழியை மறித்தன. தெற்கே மணல் குவிந்தது, துறைமுக வாயிலும் மணலால் அடைபட்டுப் படகுகள் போய்வர முடியாமற்போயிற்று, வரவேண்டிய மணல் வராததால் வடக்குக் கரையைக் கடல் அரித்துத் தென்னங்காணிகளைக் கொண்டுபோனது. வாயிலைத் தோண்டுவது தற்காலிக ஆறுதலே. அடுத்த பருவத்து மணல் அதே வழியாகத்தான் வரும். இதற்கு நிலைத்த தீர்வு காண்பதைவிடப் பெரிய ஆய்வுத் தலைப்பை நீங்கள் வெளிநாட்டில் தேடவேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

பெயர்க் குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். கடலின் இயல்பை ஆராய்வது சமுத்திரவியல். கப்பலின் இயந்திரத்தை இயக்கிப் பராமரிப்பது கப்பல் இயந்திரப் பொறியியல். கடலிலும் கரையிலும் நிற்கவேண்டியவற்றை வடிவமைப்பதே மாமா சொல்வது. 2014ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த நமது சமுத்திரப் பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் பார்த்து, மூன்றும் ஒன்றென்று எண்ணி விண்ணப்பிக்க வேண்டாம்; பாடத்திட்டத்தைப் படித்துப் பாருங்கள்.

என் பரிந்துரை வெளிப்படையானது: முதலில் குடிசார் அல்லது இயந்திரப் பொறியியலில் நான்காண்டுப் பட்டம் பெறுங்கள். வெட்டுப்புள்ளி இடங்கொடுத்தால் மொரட்டுவை, பேராதனை. இல்லையென்றால் அதே ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம். அதன்பின் முதுகலைப் பட்டத்துக்குச் சென்னை ஐஐடி, நெதர்லாந்தின் டெல்ஃப்ட், நோர்வேயின் துரொண்ட்ஹைம் போன்ற இடங்கள் உண்டு. சென்னை ஐஐடியில் இளநிலையிலேயே கப்பற்கட்டமைப்பும் சமுத்திரப் பொறியியலும் சேர்ந்த படிப்பு இருக்கிறது. ஆயினும் பதினெட்டு வயதில் ஒரே துறைக்குள் நுழைந்துவிட்டால், அங்கே வேலை சுருங்கும் காலத்தில் திரும்பிவர வழி குறுகிவிடும். 2014இல் எண்ணெய் விலை வீழ்ந்தபோது, கடலடி எண்ணெய்க் கிணறுகளை நம்பியிருந்த பொறியியலாளர்கள் உலகெங்கும் வேலை இழந்தார்கள்.

நம் நாட்டில் வேலை உண்டு, ஆனால் இடங்கள் குறைவு: துறைமுக அதிகாரசபை, கரையோரப் பாதுகாப்புத் திணைக்களம், கொழும்புக் கப்பற்றளம், துறைமுக மாதிரிகளைச் சிறிய அளவில் கட்டி அலை மோதவிட்டுச் சோதிக்கும் மொரட்டுவையின் லங்கா ஹைட்ரோலிக் நிறுவனம். வெளியே களம் பெரிது. வளைகுடாவின் எண்ணெய் மேடைகளும் ஒல்லாந்து, பெல்ஜிய மணல் அகழ்வு நிறுவனங்களும் ஒருபுறமிருக்க, 1991இல் டென்மார்க்கின் விண்டெபியில் பதினொரு காற்றாலைகளுடன் தொடங்கிய கடற்காற்று மின்சாரம் இன்று வடகடல் முழுவதும் பரவியிருக்கிறது. எண்ணெயைவிட அந்தப் பக்கமே உங்கள் தலைமுறைக்கு நம்பத்தகுந்தது என்று நினைக்கிறேன்.

நீச்சல் தெரியாமலே படிக்கலாம். வடிவமைப்பு அலுவலகத்தில் ஒருவரும் அதைக் கேட்கமாட்டார்கள். ஆனால் கடல் மேடைகளுக்கு ஹெலிகொப்டரில் போகிறவர்களை, ஹெலிகொப்டர் போன்ற கூண்டொன்றில் இருத்தி, நீச்சல் தடாகத்துக்குள் தலைகீழாகப் புரட்டி, வெளியேறும் பயிற்சி கொடுத்த பின்னரே அனுப்புகிறார்கள். அந்த வேலையில் ஆசையிருந்தால், பெறுபேறு வரும்வரை கிடைக்கும் இந்த மாதங்களில் அப்பாவிடமே நீச்சல் பழகிக்கொள்ளுங்கள்.