வலையைக் கொளுத்திய தம்பி

கேள்வி: தம்பிக்கு மூன்று வருடமாகக் காதில் யாரோ பேசுவது போலக் கேட்கிறது. மாத்திரையை நிறுத்தியிருந்த நேரத்தில், பக்கத்து வீட்டு அண்ணன் கரையில் காயப்போட்டிருந்த வலையைக் கொளுத்திவிட்டான். இப்போது ரிமாண்டில் இருக்கிறான். 'ஏர்வாடியில் கட்டிப் போட்டிருக்கலாம்' என்கிறார்கள் சொந்தக்காரர்கள். அமெரிக்காவில் மனநோய் உள்ளவர்களுக்குத் தனி நீதிமன்றம் உண்டாமே, இங்கே கிடையாதா?
- வாசகி, மண்டபம்

பதில்: தங்கச்சி, கட்டிப் போடுகிற பேச்சே வேண்டாம். 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகம் ஒன்று எரிந்தபோது, சங்கிலியில் கிடந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் செத்துப்போனார்கள். 2017 மனநலச் சட்டம் சங்கிலியைத் தடை செய்துவிட்டது.

புளோரிடாவின் ப்ரோவார்ட் கவுண்டியில் 1997இல் மனநல நீதிமன்றம் தொடங்கினார்கள். அங்கே நீதிபதியே சிகிச்சை எப்படிப் போகிறது என்று கேட்டுக்கொண்டு வழக்கை நடத்துகிறார். நம்மிடம் தனிக் கோர்ட் இல்லை, ஆனால் வழி இருக்கிறது. காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கிடைப்பார். ராமநாதபுரம் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுங்கள். தம்பியை மருத்துவர் பரிசோதிக்க வேண்டும் என்று வக்கீல் மூலம் கேளுங்கள். தன் வழக்கைத் தானே எதிர்கொள்ளும் நிலையில் அவர் இல்லை என்று தெரிந்தால், உள்நோயாளியாக வைத்தே தீர வேண்டும் என்ற நிலையும் இல்லாவிட்டால், நீங்கள் பொறுப்பேற்று வெளியே கொண்டுவரலாம். பக்கத்து மருத்துவமனையில் தவறாமல் சிகிச்சை, யாருக்கும் தீங்கு நேராமல் பார்த்துக்கொள்வது, இரண்டுக்கும் கையெழுத்துப் போட வேண்டும். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் இது அப்படியே இருக்கிறது.

'மனநோய் என்று சொன்னால் கேஸ் தள்ளுபடி' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தீ வைத்த அந்த நேரத்தில், செய்வது இன்னதென்றோ தப்பென்றோ அறியும் நிலையில் தம்பி இல்லை என்பதை நாம்தான் நிரூபிக்க வேண்டும். நான் நடத்திய ஒரு வழக்கில், ஒரு தாய் மஞ்சள் பையில் பத்திரமாக வைத்திருந்த பழைய ஓ.பி. சீட்டுகள்தான் மகனைக் காப்பாற்றின. விடுதலை ஆனாலும் கோர்ட் பாதுகாப்பில் வைக்கவோ, உறவினரிடம் ஒப்படைக்கவோ உத்தரவிடலாம்.

அப்புறம், அந்த அண்ணன். எரிந்தது அவர் வீட்டுச் சோறு. நோய் என்று சொல்லி அவர் நஷ்டத்தை மறைத்துவிடாதீர்கள். வழக்கு எப்படிப் போனாலும், ஊர்ப் பெரியவர் ஒருவரோடு போய்ப் பார்த்து, தவணையிலாவது ஈடு கொடுங்கள்.

இந்த வாரம் ஜெயிலுக்குப் போகும்போது மருந்துச் சீட்டின் நகலை ஜெயில் மருத்துவரிடம் சேர்த்துவிடுங்கள். ஒரு நாள்கூட மாத்திரை விட்டுப்போகக் கூடாது.