முத்திரை விழுந்த பிறகும் தெரிகிற முகம்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். போன மாதம் அம்பாசமுத்திரத்தில் எங்கள் பழைய வீட்டைக் காலி செய்தோம். தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு கட்டுக் கவர் கிடைத்தது. எல்லாம் அறுபது, எழுபதுகளில் வந்த கடிதங்கள். ஒன்றில் வ.உ.சி. ஸ்டாம்ப், இன்னொன்றில் பாரதி ஸ்டாம்ப். பாரதியின் தலைப்பாகை மேலேயே முத்திரை குத்தியிருக்கிறார்கள். ஊர்ப்பெயரில் ஆங்கில 'இ' மட்டும்தான் தெரிகிறது. அன்று ராத்திரி இதைப் பற்றிப் பேசப்போய், பேச்சு தூர்தர்ஷன் சின்னம் வரைக்கும் போய்விட்டது. டிசைன் படிக்கிற என் மகன், "இது பழசு மேல உங்களுக்கு இருக்கிற பிரியம்ப்பா. வரைஞ்சதுல பெருசா ஒண்ணும் இல்ல. இப்ப கம்ப்யூட்டர்ல அரை மணி நேரத்துல போட்டுரலாம்" என்கிறான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் சொல்லுங்கள். அப்புறம், இந்த ஸ்டாம்புகளைத் தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்து ஆல்பத்தில் வைக்கலாமா?

அன்புடன்,
ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்

அன்புள்ள தம்பி,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஊறப்போட்டுவிடாதீர்கள். கவரோடு அப்படியே இருக்கட்டும். உங்கள் மகனுக்குச் சொல்ல வேண்டிய பதிலே அந்தக் கவரில்தான் இருக்கிறது.

ஸ்டாம்ப் வரைகிறவருக்கு ஒரு விஷயம் நிச்சயமாகத் தெரியும். தான் வரைந்த படத்தின் மேல் ஒருவர் கருப்பு மையில் ஓங்கிக் குத்தப்போகிறார். எந்த இடத்தில் விழும் என்று சொல்ல முடியாது. நெற்றியில் விழலாம், வாயில் விழலாம். இடமோ கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். அதற்குள் முகம், பெயர், விலை, நாட்டின் பெயர் எல்லாம் வர வேண்டும். குத்து வாங்கிய பிறகும் ஆளைத் தெரிய வேண்டும்.

உங்கள் கையில் இருக்கும் பாரதியைப் பாருங்கள். 1960 செப்டம்பர் 11, அவர் நினைவுநாளில் வெளியான 15 நயா பைசா ஸ்டாம்ப். ஒரே வண்ணத்தில் அச்சானது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் கோடு என்று எதுவும் இருக்காது, பொடிப்பொடியாகப் புள்ளிகள்தான். நாசிக் அச்சகத்தில் 1952 முதல் வந்த முறை அது. கபீர், மீரா, தாகூர் எல்லாம் இருக்கிற அந்த வருஷத்து வரிசையில் தொடங்கியது. லென்ஸை எடுத்துவிட்டால் புள்ளிகள் சேர்ந்து முகமாகிவிடும். நீங்களே எழுதியிருக்கிறீர்கள், முத்திரை தலைப்பாகை மேல் விழுந்திருக்கிறது என்று. ஆனாலும் அது தலைப்பாகை என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறதே! தலைப்பாகையும் மீசையும் இருந்தால் பாரதி. ஒன்றை மை மூடினாலும் மற்றது காட்டிக்கொடுத்துவிடும்.

வ.உ.சி. ஸ்டாம்பை நான் எத்தனை முறை எடுத்துப் பார்த்திருக்கிறேன் என்று கணக்கே இல்லை. 1972 செப்டம்பர் 5, அவருடைய நூற்றாண்டு நாளில் வந்தது, 25 பைசா. அவர் முகமும் ஒரு கப்பலும். வரைந்தவருடைய இடத்தில் நம்மை வைத்துப் பார்ப்போம். ஒட்டப்பிடாரத்துக்காரரின் வாழ்க்கையில் எவ்வளவு இருக்கிறது! வக்கீல் கோட்டு இருக்கிறது. 1908-ல் நடந்த வழக்கு இருக்கிறது. கோயம்புத்தூர் சிறையில் இழுத்த செக்கு இருக்கிறது. நம் பக்கத்தில் யாரிடம் கேட்டாலும் முதலில் செக்கைத்தான் சொல்வார்கள், கண் கலங்கிவிடும். அந்தக் கண்ணீரைத் தேடிப் போகாமல் கப்பலை எடுத்திருக்கிறார் வரைந்தவர். 1906-ல் கம்பெனி தொடங்கி, காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்களை வாங்கி, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் நடுவே ஓட விட்ட மனிதர். வெள்ளைக்காரன் அவருக்குச் செய்தது செக்கு. அவர் தாமே செய்தது கப்பல். ஸ்டாம்பில் ஒன்றுக்குத்தான் இடம் என்றால் எதை வைப்பது என்று ஒருவர் உட்கார்ந்து யோசித்து முடிவு செய்திருக்கிறார். மகன் சொல்கிற அரை மணி நேரம் கையால் வரைகிற வேலைக்குப் போதலாம். இந்த முடிவுக்குப் போதாது.

சரி, தூர்தர்ஷனுக்கு வருகிறேன். அகமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மாணவராக இருந்த தேவாஷிஷ் பட்டாச்சார்யா வரைந்தது அது. நடுவில் ஒரு வட்டம், அதை இரண்டு பக்கமும் அணைத்துக்கொள்கிற இரண்டு வளைவுகள். கண் என்று சொன்னால் கண். சுற்றிவருகிற இரண்டு கைகள் என்றாலும் சரிதான். வானொலியிலிருந்து தூர்தர்ஷன் பிரிந்து தனி நிறுவனமானது 1976 ஏப்ரல் 1. அன்றைக்குத்தான் இந்தச் சின்னமும் திரைக்கு வந்தது. அது சுழன்று சுழன்று கண்ணாகச் சேருமே, அதை அசைய வைத்தவரும் அதே நிறுவனத்தைச் சேர்ந்த ஆர்.எல்.மிஸ்திரி. பட்டாச்சார்யாவின் கோட்டுப்படங்களைப் பிரதி எடுத்து, கேமராவுக்குக் கீழே வைத்துத் திருப்பித் திருப்பிப் படம் பிடித்தார். கம்ப்யூட்டர் கிடையாது. அந்த ஷெனாய் மெட்டு ரவிசங்கரும் அலி அகமது உசேன் கானும் சேர்ந்து அமைத்தது.

இதை நான் பார்த்த விதத்தைச் சொன்னால்தான் விஷயம் புரியும். எண்பதுகளின் நடுவில் பாளையங்கோட்டையில் எங்கள் தெருவுக்கே ஒரு கருப்பு வெள்ளை டிவிதான். மொட்டை மாடியில் ஆன்டெனாவைப் பிடித்துக்கொண்டு ஒருத்தன் நிற்பான். "தெரியுதாலே?" "இல்லலே, இன்னும் கொஞ்சம் திருப்பு." திரை முழுக்கப் புள்ளி, மழை பெய்கிற மாதிரி. செய்தி வாசிக்கிறவருக்கு மீசை உண்டா இல்லையா என்றே தெரியாது. திருச்செந்தூர்ப் பக்கம் கடலோர ஊர்களில் ஆன்டெனாவைக் கடலைப் பார்த்துத் திருப்பினால் இலங்கை டிவியான ரூபவாஹினி தெளிவாக வரும். எங்களுக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. ஆனால் அந்த மழைக்குள் இரண்டு வளைவுகள் சுற்ற ஆரம்பித்ததும், மாடியில் நின்றவனுக்குக் கீழேயிருந்து ஒரே குரலாகக் கத்துவோம்: "வந்துட்டு, அப்படியே நில்லு!" மீசையே தெரியாத திரையில் அந்தக் கண் தெரிந்தது. புள்ளிமழை பெய்கிற திரையில் தாக்குப்பிடிக்கிற கனம் அந்த வளைவுகளுக்கு இருந்தது. மெல்லிய கோடாகப் போட்டிருந்தால் கரைந்து போயிருக்கும்.

குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணமும் இப்படித்தான். அம்பையிலிருந்து தென்காசி போகிற ரோட்டோரச் சுவர்களில் சின்ன வயதில் பார்த்திருப்பீர்கள். சுண்ணாம்படித்த சுவரில், சாய்ந்த ஏணியில் நின்று பெயின்டர் போட்ட முக்கோணம் கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கும். கோணினாலும் அது அதுதான்.

ஆகவே மகனிடம் பழைய நினைவைப் பற்றி வாதாட வேண்டாம். அவன் போட்ட டிசைன் ஒன்றை எடுத்து, ஸ்டாம்ப் அளவுக்குச் சுருக்கி, நிறத்தை எடுத்துவிட்டு, மேலே ஒரு ரப்பர் ஸ்டாம்பைக் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். பிரியமாகவே சொல்லுங்கள், அவன் கெட்டிக்காரன் என்று தெரிகிறது. அவன் நாளைக்கு வரையப்போகிறது பெரும்பாலும் ஃபோன் திரைக்குத்தான். அதில் இருக்கிற ஐகான் ஸ்டாம்பை விடவும் சிறியது. வெயிலில், கீறல் விழுந்த கண்ணாடிக்குள், நடந்துகொண்டே பார்ப்பார்கள். அந்த வேலைக்கு வாத்தியார்கள் உங்கள் தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் இருக்கிறார்கள்.

கவர்களைப் பிளாஸ்டிக் பையில் போட்டு மூடாதீர்கள், நம்மூர் ஈரத்துக்குப் பூஞ்சை பிடித்துவிடும். கெட்டி அட்டைக் கோப்பில் ஒவ்வொன்றாக, நடுவே வெள்ளைத் தாள் வைத்து அடுக்குங்கள்.

ஒரு வேண்டுகோள். பாரதி கவரைக் காலை வெயிலில், ஜன்னல் ஓரமாகச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். மை மங்கியிருந்தாலும் முத்திரை அழுந்திய பள்ளம் தாளில் இருக்கும், சாய்ந்த வெளிச்சத்தில் எழுத்து தெரியும். ஆங்கில 'இ'-யில் (E) ஆரம்பிக்கிற ஊர் நம் பக்கத்தில் எத்தனை இருக்கின்றன? எட்டயபுரம் என்று இருந்தால், அன்றைக்கே எனக்கு எழுதுங்கள். பஸ் பிடித்து வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
அண்ணாச்சி