மார்கழியில் தீனித்தட்டுக்கு வரும் குருவிகள்: கேள்வி பதில்

காங்கேயத்து வாசகர்: ஐயா, சென்ற மார்கழியில் கம்பு வைத்தவுடன் கூட்டமாக இறங்கிய சில்லைகள், இந்த ஆண்டு ஒன்றிரண்டே வருகின்றன. இனமே அருகி வருகிறதா?

பதில்: ஓர் ஆண்டுக் குறைவை மட்டும் வைத்து அவ்வாறு முடிவுகட்ட இயலாது. ஐப்பசி, கார்த்திகை மழை நன்றாகப் பெய்தால் உங்கள் பகுதிக் கொரங்காடுகளில் (வேலியடைத்த மேய்ச்சல் நிலங்களில்) கொழுக்கட்டைப் புல் கதிர்விட்டு நிற்கும். வெளியே விதை மண்டிக் கிடக்கையில், பூனைக்கும் வல்லூறுக்கும் அஞ்சி அஞ்சி வாசலுக்கு வரவேண்டிய தேவை சில்லைக்கு இல்லை. மழை பொய்த்த ஆண்டில்தான் அவை நம் தட்டைத் தேடி வருகின்றன. ஆகவே, தட்டில் கூட்டம் பெருகுவது சில சமயம் காட்டில் இரை குறைந்ததன் அடையாளமே. காலையில் வேலியோரம் நின்று பாருங்கள். புள்ளிச்சில்லை புல்தாளைப் பற்றிக்கொண்டு, அது வளைந்து தாழ்ந்தாலும் விடாமல் விதையை ஒவ்வொன்றாக உருவித் தின்னும். அங்கே அவை இருந்தால் கவலைப்பட வேண்டியதில்லை.

கோபி வாசகி: காலை முழுவதும் வந்த குருவிகளைக் கூட்டி எழுதுகிறேன். இது சரியா?

பதில்: கூட்டாதீர்கள், அம்மா. ஒரே குருவி பலமுறை வந்து போகும். ஒரே நேரத்தில் கண்ணில் பட்ட அதிகபட்ச எண்ணிக்கையை மட்டும் ஒவ்வோர் இனத்துக்கும் குறியுங்கள். வட அமெரிக்காவில் 1987 முதல் நடந்துவரும் ‘ஃபீடர்வாட்ச்’ கணக்கெடுப்பின் முறையும் இதுவே. ஒன்றும் வராத நாளையும் எழுதுங்கள், அதுவும் தரவுதான். பொங்கல் நாட்களில் நடக்கும் பறவைகள் கணக்கெடுப்பில் 15 நிமிடம் பார்த்து, இ-பேர்ட் என்னும் பறவைப் பதிவு இணையதளத்தில் பதிந்தால், உங்கள் தோட்டமும் மாநிலக் கணக்கில் சேரும்.

ஈரோட்டு வாசகர்: தட்டைக் கழுவுவது அவசியமா?

பதில்: மிகவும் அவசியம். தீனியும் நீரும் வைக்கும் இடங்களில் பரவும் ட்ரைக்கோமோனாஸ் என்னும் ஒட்டுண்ணி நோயால் பிரிட்டனில் 2005-க்குப் பின் கிரீன்ஃபிஞ்ச் குருவிகள் பெருமளவில் மடிந்தன. வாரம் ஒருமுறையாவது தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்த பிறகே தீனி வையுங்கள்.

சூலூர் வாசகர்: கொடிக்கால் வாலாட்டி, பழுப்புக் கீச்சான் போன்ற வலசைப் பறவைகள் என் தட்டுக்கு வருவதே இல்லையே?

பதில்: அவை பூச்சி தின்னும் பறவைகள், எவ்வளவு தானியம் வைத்தாலும் வரமாட்டா. உண்மையான கவலை இங்கேதான் இருக்கிறது. இந்தியப் பறவைகளின் நிலை குறித்த 2023 அறிக்கையில், நீண்டகாலப் போக்கைக் கணிக்க முடிந்த 338 இனங்களில் சுமார் 60 விழுக்காடு குறைந்துள்ளன. வலசை வருபவையும் பூச்சியுண்ணிகளும் கூடுதலாகப் பாதிக்கப்பட்டுள்ளன. அதே காலத்தில் மயில் பெருகியிருப்பதை நம் உழவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கொங்கு நாட்டில் பூச்சியுண்ணிப் பறவைகளுக்கு ஒதுங்க இடம் தந்தது, கிளுவை என்னும் முள்மரத்தை நட்டு வளர்த்த உயிர்வேலி. அதைப் பிடுங்கிவிட்டுக் கம்பி வேலி போடும்போது கீச்சான் அமர்ந்து பூச்சி பார்க்கும் முள்கொம்பும், கதிர்க்குருவி நுழைந்து திரியும் புதரும் ஒருசேரப் போய்விடுகின்றன. தோட்டத்தின் ஒரு பக்கத்திலாவது மழைக்காலத்தில் கிளுவைப் போத்துகளை (நட்டால் துளிர்க்கும் கிளைத்துண்டுகளை) நடுங்கள். வேலியடியில் விழும் சருகைக் கூட்டாமலும், மருந்து அடிக்காமலும் விடுங்கள். கொடிக்கால் வாலாட்டி இரை தேடுவது அந்தச் சருகில்தான்.